மாநாட்டு மேடையும் கம்மாபுரத்து வயலும்

இந்தியக் குழந்தை மருத்துவர்களின் தேசியச் சங்கமான ஐஏபி ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில், ஏதாவது ஒரு பெருநகரத்தில் கூடுகிறது. ‘பெடிகான்’ என்பது அந்தக் கூடுகையின் பெயர். 2024இல் கொச்சி, 2025இல் ஹைதராபாத். ஊர் மாறினாலும் நடைமுறை மாறுவதில்லை. முதலில் ஒர்க்‌ஷாப். பிறகு ஒரே நேரத்தில் பல அரங்குகளில் சொற்பொழிவுகள், மறைந்த பெரியவர்களின் பெயரால் நினைவுப் பேருரைகள், மேற்படிப்பு மாணவர்களுக்கு வினாடி வினா. ஒரு மூலையில் போஸ்டர் வரிசை, இன்னொரு பக்கம் தடுப்பூசிக் கம்பெனிகளின் ஸ்டால்கள். இடையில் பொதுக்குழு கூடும். கணக்கு வாசிப்பார்கள், தீர்மானம் போடுவார்கள், தேர்தல் முடிவைச் சொல்வார்கள், பழைய தலைவர் புதியவரிடம் பொறுப்பை ஒப்படைப்பார். மாநிலக் கிளைகளுக்கும், பச்சிளங்குழந்தை, நரம்பியல், தொற்றுநோய் என்று தனியாக இயங்கும் உட்பிரிவுகளுக்கும் இதே அச்சில் சிறிய மாநாடுகள் உண்டு. மனம் வைத்தால் ஒரு குழந்தை மருத்துவர் ஆண்டு முழுவதும் மாநாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இவ்வளவு ஏற்பாட்டில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? நம் குழந்தைகளைப் பற்றி நாம் உறுதியாக அறிந்திருப்பவற்றில் எவ்வளவு இந்த மேடைகளிலிருந்து வந்தது, எவ்வளவு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது? இந்தக் கேள்வியைச் சென்னையிலோ மும்பையிலோ நின்று கேட்பதைவிடக் கம்மாபுரத்தில் நின்று கேட்பது நல்லது.

கம்மாபுரம் கடலூர் மாவட்டத்து ஒன்றியங்களில் ஒன்று. விருத்தாசலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அருகில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை. அங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே முடியாது என்றால் கடலூர், அல்லது சிதம்பரம். அதற்கும் மேல் புதுச்சேரி ஜிப்மர். பெடிகான் என்ற சொல்லை அந்தத் தாய் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். கேள்விப்பட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த வலிப்பைப் பற்றிய இந்திய அறிவில் ஒரு கணிசமான பங்கு அவள் வட்டாரத்து வயல்களிலிருந்துதான் திரட்டப்பட்டது.

அந்தக் கதை வேலூர்ப் பக்கத்தில் தொடங்குகிறது. 1955இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், மூளைக்காய்ச்சலோடு வந்த குழந்தைகளிடம்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. புனேயில் 1952இல் தொடங்கியிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையமும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து அதைக் கண்டறிந்தன. பிறகு நோய் தெற்கே இறங்கியது. 1980களின் தொடக்கத்தில், இன்றைய கடலூர் மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த தென்னாற்காடு அதன் கொடுமையைப் பார்த்தது. இது நெல்வயல் நோய். தேங்கிய வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள் வைரஸைச் சுமக்கின்றன. கொக்கும் நாரையும் அதைக் காத்து வைக்கின்றன. பன்றியின் உடலில் அது பெருகுகிறது. மனிதன் அந்தச் சுழற்சிக்குத் தேவையே இல்லாதவன். அவன் ரத்தத்திலிருந்து கொசுவுக்கு வைரஸ் திரும்பப் போவதில்லை. தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாக வெளிப்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வெளிப்பட்டவர்களில் முப்பது சதவீதம் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கைகால் செயலிழப்போ பேச்சிழப்போ வலிப்போ வாழ்நாள் முழுக்கக் கூட வருகிறது. பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் 1985இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. அந்த மையம் விருத்தாசலத்தில் ஒரு கள நிலையத்தையும் வைத்திருந்தது. ரேச்சல் ரூபன், கஜனானா முதலிய விஞ்ஞானிகளின் குழு ஆண்டுக்கணக்கில் அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்குப் போய்வந்தது. பொழுது சாய்ந்த பிறகு மாட்டுக் கொட்டகைகளின் கூரையிலும் புதர்களிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைப் பிடித்து, இனம் பிரித்து, அவற்றில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பார்த்த முறையும் சுவையானது. வயல் கொசுவை அரைத்த சாற்றை, ரத்தமே குடிக்காத டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவின் உடலில் செலுத்தி, அதற்குள் வைரஸ் பெருகுகிறதா என்று சோதித்தார்கள். மனிதரைக் கடிக்காத கொசு என்பதால் ஆய்வுக்கூடத்தில் ஆபத்து இல்லை. தென்னாற்காட்டில் மூன்றாண்டு தொடர்ந்து கொசுக்களின் அடர்த்தியையும் தொற்று விகிதத்தையும் அளந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. பிந்தைய ஆண்டுகளில் கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்து, வைரஸ் எந்தப் பருவத்தில் நடமாடுகிறது என்று கணித்தார்கள். நோயே வராத குழந்தைகளின் ரத்தத்தில் தொற்றின் தடயத்தைத் தேடிய இன்னொரு ஆய்வை 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகை வெளியிட்டது. மருத்துவமனைக்கு வரும் நோயாளியை மட்டும் எண்ணினால் நோயின் முழு அளவு தெரியாது என்பதை இந்த ஆய்வு வரிசை கொசு, ஆடு, குழந்தை என்று படிப்படியாகக் காட்டியது.

இந்தப் பணியைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பூச்சியியலாளர்களும் வைரஸ் ஆய்வாளர்களும்தான். குழந்தை மருத்துவ ஆராய்ச்சியின் மிகச் சிறந்த பகுதி ஒன்று குழந்தை மருத்துவர்களின் சங்கத்துக்கு வெளியே நடந்தது. இது விதிவிலக்கா, வழக்கமா? சில பழைய கதைகளை எடுத்துப் பார்ப்போம்.

வைட்டமின் ஏ. கண் கெட்டுப்போகும் குழந்தைகளைத் தேடிக் கிராமத்துக்குப் போன மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். வாரந்தோறும் வீட்டுக்குப் போய்ச் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். 1990இல் வந்த முடிவில் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆண்டில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் அப்படியொரு பயன் தெரியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ‘தேவ்தா’ ஆய்வில் கிடைத்த குறைவு வெறும் நான்கு சதவீதம். எந்த முடிவை நம்புவது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. வாராவாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துப் போவதே பாதி மருந்தாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் திருச்சியில் மருந்து பெறாத குழந்தைகளின் வீட்டுக்கும் ஆள் போனார்கள் என்பதால் அந்த விளக்கத்தை முழுதாக ஏற்கவும் முடியவில்லை.

பித்தளைப் பாத்திரம். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தியக் குழந்தைகளின் ஈரலைக் கரைத்த நோய் ஒன்று இருந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வயிறு உப்பி, மஞ்சள் படர்ந்து, மாதங்களில் உயிர் போகும். ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகளைக் கொண்டுபோகும். ஜம்மி லிவர் க்யூர் என்ற பெயர் தமிழ் வீடுகளில் மந்திரம் போல ஒலித்ததற்குக் காரணம் இந்த அச்சம்தான். பரம்பரைக் கோளாறு என்று பலர் எண்ணினார்கள். புனே கேஈஎம் மருத்துவமனையின் ஆனந்த் பண்டிட்டும் பிரிட்டனின் டானரும் சேர்ந்து செய்து 1983இல் வெளியிட்ட ஆய்வு, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலின் வழியே செம்பு குழந்தையின் ஈரலில் சேர்வதைச் சுட்டிக் காட்டியது. பாத்திரம் மாறியது, நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. எவர்சில்வர் அதற்குள்ளாகவே சமையலறைகளைப் பிடித்துக்கொண்டிருந்ததால், ஆய்வுக்கு எவ்வளவு பெருமை, கடைக்காரருக்கு எவ்வளவு பெருமை என்று பிரிப்பது கடினம். இங்கே கேள்வியைக் கேட்டவர்கள் குழந்தை மருத்துவர்கள்தான். ஆனாலும் பதில் கிடைத்த இடம் மாநாட்டு அரங்கம் அன்று, நோயாளி வீட்டுச் சமையலறை.

போலியோ. வேலூரின் ஜேக்கப் ஜான் குழந்தை மருத்துவர், வைரஸ் ஆய்வாளர், சங்கத்து மனிதர். மூன்று தவணை சொட்டு மருந்து குடித்த பிறகும் போலியோ வந்த குழந்தைகளை அவர் பார்த்தார். மேலை நாடுகளில் மூன்று போதுமென்றால் இங்கே ஏன் போதவில்லை? 1970களில் அவரும் குழுவினரும் செய்த ஆய்வுகள் இந்தியக் குழந்தைகளின் குடலில் வாய்வழி மருந்து அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை என்று காட்டின. கூடுதல் தவணைகளும், ஒரே நாளில் ஊர் முழுக்கக் கொடுப்பதும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர் பிடித்தது. 1995இல் தொடங்கிய தேசிய பல்ஸ் போலியோ, 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் பதிவான கடைசி நோயாளி, 2014 மார்ச் 27இல் கிடைத்த சான்றிதழ் எல்லாம் பிந்தைய வரலாறு. நான் இங்கே அழுத்த விரும்புவது வேறு. ஜேக்கப் ஜானின் வாதம் முதலில் சங்கத்துக்குள்தான் எடுபட்டது. கூடுதல் தவணை வேண்டுமென்பதைச் சங்கத்தின் தடுப்பூசிக் குழு ஏற்று, தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரையாகச் சொன்னது. ஒரு மாவட்டத்தில் எழுந்த சந்தேகம் சங்கத்தின் குழுவுக்கு ஏறி, அங்கிருந்து ஊர் ஊராக உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் மேசைக்கு இறங்கிய அபூர்வமான தருணம் அது. சங்கம் என்ற அமைப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

*

சங்கத்தின் பிறப்பிலேயே ஆராய்ச்சி, தொழில் அங்கீகாரம் என்ற இரட்டை முகம் இருக்கிறது. கல்கத்தாவில் கே. சி. சௌதுரி 1933இல் தனி ஆளாகக் குழந்தை மருத்துவச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது. பின்னர் அங்கே ஒரு சங்கமும் உருவானது. பம்பாயில் ஜார்ஜ் கொயெல்லோ 1950இல் இன்னொன்றைத் தொடங்கினார். நாட்டில் குழந்தை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர்களே விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலம். பொது மருத்துவத்தின் வாலாகவே குழந்தைகள் பிரிவு இருந்தது. சென்னையில் எஸ். டி. ஆச்சார் எழும்பூரில் குழந்தைகளுக்கென்று தனித் துறையை வளர்த்து, பின்னாளில் இந்திய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடநூலை எழுதினார். இரு சங்கங்களும் 1963இல் இணைந்து ஐஏபி ஆயின. அவற்றின் சஞ்சிகைகள் 1964இல் இணைந்து ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ ஆயின. அப்போதைய தேவை அங்கீகாரம். தனித் துறை, தனிப் பேராசிரியர், தனித் தேர்வு வேண்டும் என்று போராட ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அந்தப் போராட்டத்தில் சங்கம் முழுமையாக வென்றது. ஆராய்ச்சி அதன் இரண்டாவது வேலையாகவே இருந்தது, இன்றும் அப்படித்தான்.

அமெரிக்காவில் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 1888இல் ஆபிரகாம் ஜேக்கோபியின் தலைமையில் எழுந்த அமெரிக்கன் பீடியாட்ரிக் சொசைட்டி மூத்தவர்களின் சபை. அதில் இடம் கிடைக்காத இளைஞர்கள் 1929இல் தனியாகக் கூடி, பின்னர் சொசைட்டி ஃபார் பீடியாட்ரிக் ரிசர்ச் என்று அறியப்பட்ட அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்த ஒரு விதி நம் ஊருக்கு விசித்திரமாகத் தெரியும். குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர் செயல்படும் உறுப்பினராக இருக்க முடியாது. நாற்பத்தைந்தில் கௌரவ உறுப்பினராகி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மேடை எப்போதும் இளையவர் கையில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் ஏன் விரியவில்லை என்பதை 1959இல் கண்டறிந்த மேரி எல்லன் ஏவரி, 1970களில் அதன் முதல் பெண் தலைவரானார். அந்த அமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் ஓர் இளம் ஆய்வாளர் பத்து நிமிடம் பேசிவிட்டு, தன் துறையிலேயே கூர்மையானவர்களின் கேள்விக்கு முன் நிற்பதுதான் சடங்கின் மையம். அவர்களும் விளம்பரமும் ஸ்டாலும் இல்லாத துறவிகள் அல்லர். ஆனால் அங்கே கூட்டம் எதற்கு என்பதில் குழப்பம் குறைவு.

நம் பெடிகானில் இளைஞர் இல்லாமல் இல்லை. அவர் வரும் காரணம்தான் வேறு. இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த விதிப்படி, மேற்படிப்பு மாணவர் தேர்வு எழுத வேண்டுமானால் ஒரு போஸ்டர் வைக்க வேண்டும், தேசிய அல்லது மாநில மாநாட்டில் ஒரு கட்டுரை படிக்க வேண்டும், ஒன்றைச் சஞ்சிகைக்கு அனுப்பவாவது வேண்டும் என்று இருந்தது. பின்னர் இந்த விதி தளர்ந்தது என்றாலும், அது உருவாக்கிய பழக்கம் போகவில்லை. தீசிஸிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போஸ்டராக அச்சடித்து, முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார் மாணவர். அந்தத் துண்டைச் சேகரிக்க இரண்டு ஆண்டு அவர் இரவுப் பணிக்கு நடுவே உழைத்திருப்பார். நூறு குழந்தைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார். ஏழு வயதைத் தாண்டிய குழந்தையிடம் வாய்மொழியாகவும் பன்னிரண்டைத் தாண்டியவரிடம் எழுத்திலும் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது; அதையும் செய்திருப்பார். மாநாட்டுக்குப் பிறகு அந்தத் தரவு எங்கே போகிறது? பெரும்பாலும் நூலகத்து அலமாரிக்கு. அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியில் வேறொரு மாணவர் அதே தலைப்பை, அதே அளவில், முதலிலிருந்து தொடங்குகிறார். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நூறு நூறாகச் சிதறும் இந்தத் தரவை ஒன்று சேர்க்கக்கூடிய ஒரே இடம் சங்கம்தான். அதைச் சேர்ப்பது தன் வேலை என்று சங்கம் நினைத்ததில்லை என்பதே என் குறை.

அப்படி நினைத்த வேறோர் அமைப்பு உண்டு. 1980இல் தொடங்கிய தேசியப் பச்சிளங்குழந்தை மருத்துவ அமைப்பு, நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளை இணைத்து, பிறப்பு எடை, மூச்சுத்திணறல், கிருமித் தொற்று, இறப்புக் காரணம் ஆகியவற்றை ஒரே படிவத்தில் பதிவு செய்ய வைத்தது. 2002-03இல் பதினெட்டு நிறுவனங்கள் அதில் பங்கேற்றன. இந்தியப் பச்சிளங்குழந்தைகள் எதனால் இறக்கின்றன, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று பேசிய கட்டுரைகள் பல ஆண்டுகள் அந்தத் தொகுப்பையே நம்பியிருந்தன. எளிமையான யோசனை. ஒரு படிவம், ஒரு விளக்கம், எல்லோருக்கும் பொது. ஆனால் அது பெரிய மருத்துவமனைகளின் படம். வீட்டில் பிறந்து வீட்டில் இறந்த குழந்தை அதில் வராது. அந்தக் குழந்தையை எண்ணியவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங்கும் ராணி பாங்கும். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைக் கவனிக்க வைத்து, 39 கிராமங்களில் இறப்பை 62 சதவீதம் குறைத்ததாக 1999இல் அறிவித்தார்கள். அபய் பாங் பொது மருத்துவர். ராணி பாங் மகப்பேறு மருத்துவர்.

ஐஏபி நன்றாகச் செய்த வேலைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பிறந்த குழந்தை அழாவிட்டால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவருக்கு மட்டுமல்லாமல் செவிலியருக்கும் கற்றுத்தரும் ‘ஃபர்ஸ்ட் கோல்டன் மினிட்’ திட்டம் 2009இல் தொடங்கியது. பிரசவ அறையில் நிற்கும் ஆயிரக்கணக்கானோரின் கைகள் அதில் பழகின. ஐந்து முதல் பதினெட்டு வயது வரையிலான இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி வரைபடங்களைச் சங்கம் 2015இல் திருத்தி வெளியிட்டது. பால்மாவுக் கம்பெனிகளின் பணம் வேண்டாம் என்று 1990களிலேயே தீர்மானித்தது. 1992ஆம் ஆண்டின் பால்மாவுச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தம், மருத்துவர் சங்கங்களின் கருத்தரங்கம், ஆராய்ச்சி என எதற்கும் அந்தக் கம்பெனிகள் பணம் தரக் கூடாது என்று தடுத்தது. அந்தத் தீர்மானம் சங்கத்தின் வரலாற்றில் தலைநிமிரத் தக்க இடம்.

தடுப்பூசிக் கம்பெனிகள் விஷயத்தில் அந்த நிமிர்வு தெரியவில்லை. மருத்துவர்கள் கம்பெனிகளிடம் பயணச் செலவும் பரிசும் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதி செய்தது. 2016இல் அந்த விதியிலிருந்து மருத்துவர் சங்கங்களை விடுவித்தது. தனி ஆள் வாங்கினால் குற்றம், சங்கம் வாங்கினால் இல்லை என்ற நிலையை எந்தத் தர்க்கம் தாங்கும் என்று எனக்குப் புரியவில்லை. சங்கத்தின் தடுப்பூசி அட்டவணை அரசு அட்டவணையைவிட நீளமானது. சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, ஃபுளூ எல்லாம் அதில் உண்டு. தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்பவருக்கான பட்டியல் அது. கம்மாபுரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் போடும் பட்டியல் வேறு. நீளமான பட்டியல் எல்லாம் கம்பெனியின் சூழ்ச்சி என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து முதலில் சங்கப் பட்டியலில்தான் இருந்தது. தமிழக அரசுத் திட்டத்துக்கு 2017இல் வந்தது. நிமோகாக்கல் தடுப்பூசி 2021இல் வந்தது. சங்கப் பட்டியல் முன்னோடியாகவும் இருக்கலாம், சந்தைக் கடையாகவும் இருக்கலாம். எது எந்த நேரத்தில் என்று சொல்ல உள்ளூர் ஆய்வு வேண்டும்.

ரோட்டாவில் அந்த ஆய்வு இருந்தது. வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் விஞ்ஞானி ககன்தீப் காங்கின் குழு 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை வீடு வீடாகத் தொடர்ந்து பார்த்தது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு அடுத்து கடுமையான வயிற்றுப்போக்கு வருவதில்லை என்று முன்பே காட்டியிருந்தார்கள். வேலூரில் மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு எண்பது சதவீத அளவுக்குத்தான் இருந்தது. 2011இல் இது வெளியானபோது, இங்கே தடுப்பு மருந்தும் பிற நாடுகளின் அளவுக்கு வேலை செய்யாது என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்க முடிந்தது. பின்னர் டெல்லி, புனே, வேலூர் மூன்றிலும் 6,799 குழந்தைகளில் சோதிக்கப்பட்ட உள்நாட்டு மருந்தான ரோட்டாவேக்கின் திறன் சுமார் ஐம்பத்தைந்து சதவீதமாக வந்ததில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. போலியோச் சொட்டு மருந்தில் ஜேக்கப் ஜான் பார்த்ததும் இதுவும் ஒரே ஊர், ஒரே குடல், நாற்பது ஆண்டு இடைவெளி.

*

வேலூரில் முடிந்தது ஏன் மற்ற இடங்களில் முடியவில்லை? பணம் ஒரு காரணம். பெரிய காரணம் காலம் என்று நினைக்கிறேன். விருத்தாசலத்துக் கள நிலையமும், வேலூரின் ஆய்வுக்கூடமும், கட்சிரோலியின் கிராமங்களும் பத்து, இருபது ஆண்டு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருந்தன. ஐஏபியின் தலைவர் பதவி ஓராண்டு. ஒவ்வொரு தலைவரும் தமக்கென ஒரு செயல்திட்டத்தோடு வருகிறார். அது ஒரு சுலோகத்தோடும் சின்னத்தோடும் தொடங்கி அடுத்த மாநாட்டோடு முடிகிறது. அடுத்தவர் வேறு சுலோகத்தோடு வருகிறார். ஓராண்டுக்குள் பயிற்சி வகுப்பு நடத்தலாம், துண்டறிக்கை அச்சடிக்கலாம். ஒரு குழந்தையை மூன்று ஆண்டு பின்தொடர முடியாது. மற்ற எல்லாக் குறைகளையும்விட இந்த ஓராண்டுக் கணக்குதான் ஆராய்ச்சியைச் சங்கத்துக்கு வெளியே தள்ளுகிறது. தேர்தலை மூன்றாண்டுக்கு ஒருமுறை வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பதவி யாருடையதாக இருந்தாலும் தலையிட முடியாத ஓர் ஆய்வுக் குழு, தனி நிதியோடு, நீண்ட தவணைக்கு இருக்க வேண்டும். இன்னொன்று செலவில்லாத காரியம். முந்தைய ஆண்டு பரிசு பெற்ற கட்டுரைகளின் ஆசிரியர்களை மறு ஆண்டு மேடைக்கு அழைத்து, அது அச்சில் வந்ததா, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா, முடிவு நிலைத்ததா என்று கேட்கலாம்.

ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வதும் சங்கங்களின் கவனத்தில் இல்லாத விஷயம். விருத்தாசலம் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளின் ரத்தத் துளிகள் ஜெனீவாவின் சஞ்சிகை வரை பயணம் செய்தன. அந்தக் குழந்தைகள் இன்று நாற்பதை நெருங்கியவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி அங்கன்வாடியில் கிடைக்கிறது. 2006இல் சீனாவிலிருந்து வந்த உயிருள்ள தடுப்பூசியோடு நாட்டில் தொடங்கிய இயக்கம் பின்னர் கடலூரையும் எட்டியது. கடலூர் பட்டியலில் இடம்பெற்றதற்குத் தங்கள் வயலின் கொசுவும் தங்கள் ஆடும் சாட்சி சொன்னதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

தடுப்பூசி வந்த பிறகு கேள்வியும் மாறிவிட்டது. காய்ச்சலும் வலிப்பும் நினைவிழப்புமாக வரும் குழந்தைக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இல்லையென்றால் வேறு என்ன? உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்துகொண்டிருந்தபோது, சென்னையில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உட்படப் பல குழுக்கள் ஆராய்ந்து, 2015க்குப் பிறகு ஒரு விடையைக் கூறின. அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றின் தடயம் இருந்தது. புதர்ச்செடிகளில் இருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் வரும் நோய் அது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் என்ற மலிவான மருந்தைக் காய்ச்சலின் தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் மூளையைத் தொடாது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடிய ஸ்க்ரப் டைபஸோடு குழந்தைகள் வருவதைப் பெரிய மருத்துவமனைகள் தொடர்ந்து எழுதி வருகின்றன.

கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து மூளைக்காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு எது? இதற்குப் பதில் காண இப்போது ஒரு வாய்ப்பு வாசலில் இருக்கிறது. 2021 சேர்க்கை முதல் மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும். மூன்று மாதத்தில் ஒருவரால் எந்த ஆய்வும் முடியாது. ஆனால் ஒருவர் போனதும் அடுத்தவர் வருகிறார். ஒரே படிவத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டே போனால், ஐந்தாண்டில் விருத்தாசலத்துக் கள நிலையம் கொசுவுக்குச் செய்ததைக் கடலூர் மருத்துவமனை குழந்தைக்குச் செய்திருக்கும். படிவத்தை வகுத்துக் கொடுப்பதும், ரத்த மாதிரியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தோடு இணைப்பதும், தரவின் உரிமை யாருக்கு என்று முதலிலேயே எழுதி வைப்பதும் மாநிலக் கிளையின் ஒரு செயற்குழுக் கூட்டத்தில் முடிகிற வேலை. படிவத்தின் முதல் வரிசைக்கு ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை: காய்ச்சல் எத்தனை நாள், வீட்டைச் சுற்றிப் புதரா வயலா, தடுப்பூசி எத்தனை தவணை, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ உண்ணி கடித்த கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றிப் பார்த்தார்களா.